உறுதியும் வடையும்: பருத்தித்துறைக்கு ஒரு பை

பருத்தித்துறைக்குப் போய் மூன்று நாள் கடற்கரையில் சும்மா இருந்துவிட்டு வருவோம் என்று அம்மாவிடம் சொன்னது ஒரு திங்கட்கிழமை. பயணம் சனிக்கிழமை. புதன்கிழமை காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போதே அம்மாவின் பை கட்டி முடிந்து வாசற்கதவடியில் இருந்தது.

யாழ்ப்பாண நகரை ஒட்டிய கொக்குவிலில்தான் எங்கள் வீடு. அங்கிருந்து பருத்தித்துறை ஏறக்குறைய 35 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 750ஆம் இலக்க பஸ்சைப் பிடித்தால் நெல்லியடியால் போய் இறங்கிவிடலாம். அம்மாவின் பையோ இரண்டு பேர் ஒரு மாதம் இருக்கக் காணும். பாரம் கூடினால் பஸ்சில் கஷ்டம் என்று சொல்லித் திறந்து பார்த்தேன். அடியில் கெட்டி மட்டைக் கோப்பு ஒன்று. வீட்டு உறுதி, அதுதான் வீடு எங்களுடையது என்கிற பத்திரம், எங்கள் எல்லோருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், அப்பாவின் இறப்புப் பத்திரம், எல்லாம் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி றப்பர் வளையம் போட்டபடி. அதன்மேல் சவர்க்காரம் மூன்று கட்டி. மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, டோர்ச்சுக்கு நான்கு பற்றரி. ஊசி, நூல். ஒரு ரின்னில் வறுத்த அரிசிமா. ஒரு சேலை, இரண்டு சோட்டி, ஒரு துவாய். கடலுக்கென்று எடுத்த சாமான் ஒன்றுகூட இல்லை.

“மூண்டு நாளைக்கு எதுக்கம்மா உறுதி?” என்று கேட்டேன்.

“கிடக்கட்டும் பிள்ளை. அது சோறு கேக்குதே?”

எனக்கு அந்தப் பையைத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 அன்று எனக்குப் பத்து வயது. போர் நெருங்கிவர, எங்கள் ஊர் இருக்கும் வலிகாமப் பகுதியை விட்டு எல்லோரையும் வெளிக்கிடச் சொன்ன இரவு. மழை. அப்பாவின் சைக்கிளில் முன்னுக்கு ஒரு உரப்பை, பின் கரியரில் ஒரு உரப்பை, நடுவில் தம்பி. அம்மாவும் நானும் சைக்கிளைப் பிடித்தபடி நடந்தோம். செம்மணியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்துக்கு வர விடிந்துவிட்டது. இலட்சக்கணக்கான சனம் அந்த ஒரே பாதையில். அம்மாவுக்கு வீட்டையே இரண்டு பைக்குள் அடக்கக் கிடைத்தது ஒரு மணித்தியாலம். எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்த ஒரு மணித்தியாலத்தில் முடிவெடுத்தது அம்மாதான். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு யன்னல் இல்லை. உறுதி கையில் இருந்தது.

சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் கதை இன்னும் பழையது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் இந்த இரண்டும், மண்ணெண்ணெயும், காசு இருந்தாலும் லேசில் கிடைக்காத சாமான்கள். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். அந்தக் காலத்தில் குடும்பம் நடத்திய ஒருவர் இப்போதும் மூன்று கட்டி சவர்க்காரம் எடுத்து வைத்தால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் ஓடுவதற்குக் கட்டும் பை வேறு, ஆறி இருப்பதற்குக் கட்டும் பை வேறு. அம்மா முதலாவதில் கெட்டிக்காரி. இரண்டாவதைக் கட்டச் சந்தர்ப்பமே வரவில்லை. எழுபத்திரண்டு வயதில் இதுதான் முதல்தடவை. கோயில் இல்லை, கலியாணம் இல்லை, செத்தவீடு இல்லை, வெறுமனே கடலைப் பார்க்க ஒரு பயணம். அன்று பின்னேரம் இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து பையை முழுவதும் வெளியே எடுத்துப் பரப்பினோம். கோப்பைத் தவிர.

முதலில் காற்று. பருத்தித்துறை இருக்கும் வடமராட்சிக் கரைக்குப் போகிறவர்கள் நாட்காட்டியைப் பார்க்க முன்னம் காற்றைப் பார்க்க வேண்டும். வைகாசிக்கும் புரட்டாதிக்கும் நடுவில் சோளகம். அது தென்மேற்கில் இருந்து நிலத்தைக் கடந்து வருவதால் வடக்குக் கரைக்கு முதுகுப் பக்கத்துக் காற்று. பருத்தித்துறைக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசியில் மழை தொடங்கி, வடகிழக்கில் இருந்து வரும் வாடைக்குக் காற்றுத் திரும்பினால் அதே கடல் எழும்பிக் கரையை அறையத் தொடங்கும். அந்தக் காலத்திலும் போகலாம், அதற்கும் ஒரு அழகு இருக்கிறது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறுவதே வாடையை நம்பித்தான். ஆனால் பை மாறும். மழைக்கோட்டு, ஒரு தடித்த போர்வை, கட்டாயமாக நுளம்பு வலை. மாரியோடு சேர்ந்துதான் எங்கள் பக்கம் டெங்கு கூடும். நாங்கள் போனது ஆனி மாதம். குடை எடுத்தோம்; சோளகத்தில் அது இரண்டு தடவை மடங்கியது. வெயிலுக்குத் தலையைச் சுற்றிக் கட்ட ஒரு பருத்தித் துணி போதும். அம்மா தன் பழைய சேலையில் இரண்டு முழம் கிழித்து எனக்கும் ஒன்று தந்தார். தொப்பி பறந்தது, அது பறக்கவில்லை.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும், பழையதாக இருக்கட்டும். கடற்கரை வீட்டில் எதுவும் முழுதாகக் காயாது. காற்றில் உப்பு இருக்கிறது. துணியில் ஏறிய உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் தடித்த துவாய் வேண்டாம். முந்தி ஒருமுறை நான் தனியாகப் போனபோது பஞ்சு மாதிரித் தடித்த துவாய் ஒன்றுதான் கொண்டுபோனேன். முதல்நாள் நனைந்தது மூன்றாம்நாள் மணக்கத் தொடங்கியது. மெல்லிய கைத்தறித் துவாய் ஆளுக்கு இரண்டு எடுத்தால் ஒன்று கொடியில் கிடக்க மற்றதைப் பாவிக்கலாம். ஆண்களுக்கு ஒரு சாரம் எல்லா வேலையும் செய்யும். உடுக்கலாம், போர்க்கலாம், மணலில் விரிக்கலாம், யன்னலுக்குத் திரையாகவும் கட்டலாம்.

கடலில் குளிக்க என்ன உடுப்பது என்று தோழிகள் கேட்பார்கள். பருத்தித்துறைக் கரை ஒரு ஊர். வீட்டு வாசல், வீதி, கடல் என்று மூன்றும் அடுத்தடுத்து. வலை தைத்துக்கொண்டிருக்கும் ஐயாக்களுக்கு முன்னால்தான் நாங்கள் இறங்குகிறோம், அவர்கள் முற்றத்தில் குளிக்கிற மாதிரி. கணுக்கால் வரை ஒரு கறுப்புக் காற்சட்டையும் கடும் நிற ரீசேட்டும் எனக்குச் சரியாக இருந்தது. அம்மா சோட்டியோடு முழங்கால் அளவு தண்ணீரில் இருந்துவிட்டார். ஒரு மணித்தியாலம் எழும்பவே இல்லை.

கோயிலுக்கு ஒரு செட் தனியாக. தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி, துன்னாலைக்கு அப்பால் வல்லிபுர ஆழ்வார் என்று இரண்டு பெரிய கோயிலுக்கு நடுவில் இருந்துகொண்டு போகாமல் வர முடியாது. ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், வேட்டி இருந்தால் நல்லது. சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்பார்கள். ஒரு நேரச் சாப்பாட்டுக் கவலையும் அங்கே தீர்ந்தது.

காலுக்கு என்ன போடுவது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம். பருத்தித்துறைக் கடலின் அடி முழுக்க மணல் இல்லை. சுண்ணாம்புக் கல்லும் முருகைக் கல்லும் கலந்தது. அந்தக் கல் திட்டுகள்தான் வெளியே அலையை உடைத்து உள்ளே தண்ணீரை அமைதியாக வைத்திருக்கின்றன. காலை வெட்டுவதும் அவைதான். குதியில் வார் உள்ள றப்பர் செருப்பு வேண்டும். விரலுக்கு நடுவில் கொழுவுகிற சாதாரணச் செருப்பு தண்ணீருக்குள் கழன்று போய்விடும். அது கோயில் வாசலுக்குத்தான் சரி. ஆக இரண்டு சோடி. வல்லிபுரம், மணற்காடு பக்கம் போனால் கதை வேறு: மணல் மேடுகள், சவுக்கங்காடு, மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயில். மத்தியானம் அந்த மணலில் செருப்போடும் நிற்க முடியாது. நாலு மணிக்குப் பிறகு போய் வெறுங்காலோடு ஏறுங்கள். அங்கே அலையும் பெரிது, ஆழமும் கூட. ஊர் ஆட்களைக் கேட்காமல் இறங்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அந்தக் கரையில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இனித் தண்ணீர். யாழ்ப்பாணம் முழுவதும் சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் இருக்கிறது. எங்கள் கிணறுகளுக்கு வருவது அந்தக் கல்லுக்குள் ஊறி வரும் மழைத்தண்ணீர், சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே வரும். கரையோரத்தில் அதோடு உவரும் சேர்ந்துகொள்ளும். சவர்க்காரம் தேய்த்தால் நுரை வராது, வெள்ளைப் படலமாகத் தோலில் ஒட்டும். அம்மாவின் மூன்று கட்டியில் இரண்டை இந்தக் காரணம் சொல்லித்தான் வெளியே எடுத்தேன். அதற்குப் பதிலாக ஒரு சின்னப் போத்தலில் ஷாம்பு. அது இந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், உடம்புக்கும் அதையே பாவிக்கலாம்.

“தலைக்கு அது காணாது. நாலு தேசிக்காய் எடு” என்றார் அம்மா.

கடலில் இருந்து வந்து கிணற்றடியில் நின்று அம்மா செய்து காட்டியது இது. முதலில் முழுத்தலைக்கும் நல்லெண்ணெய், கடலுக்குப் போக முன்னமே. வந்த பிறகு கழுவிவிட்டு, கடைசி வாளித் தண்ணீரில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து அதைத் தலையில் ஊற்றுவது. விரல் தட்டாமல் முடிக்குள் ஓடியது. தேசிப்புளி சுண்ணாம்பைக் கழற்றிவிடுகிறது என்று நான் விளங்கப்படுத்தத் தொடங்க, “எனக்கு எங்கடை அம்மா காரணம் சொல்லேல்லை, ஊத்திவிட்டவ” என்றார். குடிக்கத் தண்ணீர் தனி. ஐந்து லீற்றர் போத்தல் ஒன்று அங்கேயே வாங்கலாம், வீட்டில் இருந்து சுமக்க வேண்டாம்.

மருந்து விஷயத்தில் அம்மா சொன்னதுதான் சரி. பிரஷர் குளிசையை இரண்டாகப் பிரித்து, பாதி பெரிய பையிலும் பாதி கைப்பையிலும் வைத்தார். ஒரு பை தொலைந்தால் மற்றது. இதை நான் இனி எந்தப் பயணத்திலும் விடமாட்டேன். அதோடு வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி இரண்டு பக்கற், பனடோல், பூசுவதற்குச் சித்தாலேப, வெட்டுக்காயத்துக்குப் பிளாஸ்டர், நுளம்புத்திரி. மெழுகுதிரியையும் நெருப்புப்பெட்டியையும் வெளியே எடுக்காமல் பையிலேயே இருக்க விட்டேன். முதல் இரவே ஒன்றரை மணித்தியாலம் கரண்ட் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எழும்பிப்போய் மெழுகுதிரியைக் கொளுத்தினார். சார்ஜருக்கு ஒரு அடாப்டரும் போடுங்கள். பழைய கல்வீடுகளில் இன்னும் உருண்டை முனைச் சொக்கற்றுகள்தான், புதிதாக விற்கும் பிளக் எல்லாம் சதுர முனை.

நாங்கள் இருந்தது கடற்கரை ஒழுங்கையில் இரண்டு அறை வாடகைக்கு விடும் ஒரு வீடு. குசினி பாவிக்கலாம் என்றார்கள். அதனால் அம்மா உமல் எடுத்தார். உமல் என்றால் மீன் வாங்கப் பனையோலையில் இழைத்த பை. தண்ணீர் அடியால் வடிந்துவிடும், பொலித்தீனில் அவிவது மாதிரி மீன் அவியாது. காலை ஆறரைக்குக் கரைக்குப் போனால் வள்ளங்கள் வந்துகொண்டிருக்கும், மீனைக் குவித்து வைத்து ஏலம் கூறுவார்கள். நான் விலையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அம்மா குனிந்து ஒரு விளைமீனின் செவுளைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே செம்பருத்தி நிறம். கண் துருத்திக்கொண்டு கண்ணாடியாக இருந்தது. வயிற்றை ஒருமுறை அமத்தினார், விரல் எடுத்த இடம் உடனே எழும்பியது. “இதைத் தாங்கோ தம்பி” என்று சொல்லும்போது அந்த மீன்காரர் அம்மாவைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. மத்தியானம் அந்த மீனில் சொதி. தேங்காய்ப்பால் மட்டும் அங்கே வாங்கிய தேங்காயில். மிளகாய்த்தூளும் மஞ்சளும் வீட்டில் இருந்து ஒரு சின்னப் பேணியில். எங்கள் வீட்டுத்தூள் இல்லாமல் கறி வைப்பது அம்மாவுக்கு உடன்பாடு இல்லை, எனக்கும் இல்லை.

ஒரு சின்னக் கத்தியை மறக்காதீர்கள். ஆனி மாதம் கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம். கடலுக்கு முகம் வைத்து இருந்துகொண்டு மாம்பழம் வெட்டித் தின்பது, பிறகு கையையும் வாயையும் கடலிலேயே கழுவுவது. மூன்று நாளில் நான் செய்தவற்றில் இதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

சிலதை விட்டுவிட்டுப் போங்கள். மடிக்கணினி வேண்டாம். பாட்டுப் போடும் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். கரையில் ஆட்கள் கடலுக்குப் போய் வந்து பகலில் நித்திரை கொள்கிறார்கள். நகை வேண்டாம். ஆறு புத்தகம் வேண்டாம், ஒன்று போதும். கமரா கொண்டுபோகலாம், ஆனால் 1916இல் கட்டிய வெளிச்சவீட்டின் பக்கமும் கடற்படை நிற்கும் இடங்களிலும் கேட்டுவிட்டு எடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். நூறு ரூபாயும் ஐம்பது ரூபாயுமாக மாத்தின காசு கொஞ்சம் வைத்திருங்கள், பஸ்சிலும் சந்தையிலும் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

அம்மாவின் நான்கு பற்றரி என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவற்றில் இரண்டுக்காகத்தான் நான் அலுமாரிக்கு மேலே இருந்த அப்பாவின் சின்ன றேடியோவை எடுத்தேன். இலங்கையின் வடக்கு முனையில் இருக்கிறோம். சக்கோட்டை முனைக்கு அங்கால் வெறும் கடல், அதற்கும் அங்கால் தமிழ்நாட்டுக் கரை. இரவு எட்டு மணிக்கு விறாந்தைப் படியில் இருந்து முள்ளைத் திருப்பினால் காரைக்கால் வானொலி பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி வந்தது. அப்பா இருந்தபோது திருச்சி வானொலிச் செய்தி கேட்காமல் படுக்கமாட்டார். டைனமோ சுற்றுவது என் வேலை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து. சில்லு மெதுவானால் அறிவிப்பாளரின் குரல் மங்கிக் கரகரக்கும், அப்பா “சுத்து, சுத்து” என்பார். அன்று இரவு அம்மா அதை ஞாபகப்படுத்தினார். எனக்கு மறந்தே போயிருந்தது. போனில் எல்லாம் கேட்கலாம், தெரியும். ஆனால் றேடியோவைப் படியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கலாம். போன் கையை விட்டுப் போகாது. சரி, இது என் அபிப்பிராயம். ஆனாலும் வடக்குக் கரைக்குப் போகிறவர்கள் ஒரு பழைய றேடியோ கொண்டுபோங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, பையில் கால்வாசி இடத்தை வெறுமையாக விட்டுத்தான் போக வேண்டும். திரும்பும்போது அது நிறையும். பனையோலைக் குட்டானில் பனங்கட்டி, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்து இடித்த ஒடியல் மா, முடிந்தால் கருவாடு. கருவாட்டுக்கு உமல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே பருத்தித்துறை வடை. மற்ற ஊர் வடை மாதிரி மெத்தென்று இராது. உழுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் சேர்த்து உள்ளங்கை அளவுக்கு மெல்லிசாகத் தட்டி, மொறுமொறு என்று பொரித்தது. காற்றுப் போகாத ரின்னில் போட்டால் நாள்க்கணக்கில் இருக்கும், கனடா லண்டன் போகிற சூட்கேஸ்களில் எல்லாம் போகிறது. அதன் ஒரே குறை, உடையும். பை மடங்கினால் தூள்தான்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எழும்பிப் பார்க்கிறேன், அம்மா அறைக்கு நடுவில் இருந்து பை கட்டிக்கொண்டிருக்கிறார். பத்து நிமிட வேலை. துவாய்களைச் சுருட்டிப் பக்கத்துக்கு அணைத்தார். உறுதிக் கோப்பைக் கிடையாக அடியில் வைத்து, பொலித்தீன் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்தார். அதன்மேல் வடைப் பார்சலை வைத்து, அதன்மேல் தன் சேலையை நாலாய் மடித்து மூடினார்.

“மட்டை கெட்டி. பஸ்சுக்குள்ளை மடங்காது” என்றார்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தோம். ஐம்பதில் இரண்டுதான் உடைந்திருந்தது.